ஆம்பூல் கணக்கும் சாதிக் கணக்கும்



இந்தத் தலையங்கத்துக்கு எடுத்துக்கொண்ட விஷயத்தை ஆசிரியர் குழுவில் சொன்னதும் இரண்டு தோழர்கள் முகம் சுளித்தார்கள். 'நர்ஸ் வேலைக்குப் போறதுல நெறையப் பேர் நம்ம பொண்ணுங்க. அவங்க ஆஸ்பத்திரி மருந்த எடுத்துத் தங்களுக்கே ஊசி போட்டுக்கறாங்கன்னு நாமளே எழுதினா ஊர்க்காரன் கைகொட்டிச் சிரிக்க மாட்டானா?' என்றார் ஒருவர். 'இது டாக்டருங்களும் போலீசும் பாத்துக்க வேண்டிய சமாச்சாரம், இயக்கத்துக்கு இதுல என்னா வேலை?' என்றார் இன்னொருவர். இருவரும் களத்தில் அடிபட்டவர்கள். அவர்கள் கேள்வியை ஒதுக்கிவிட்டு எழுத முடியாது. அவர்களுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு வார்டிலும் பூட்டுப் போட்ட சின்ன அலமாரி ஒன்று இருக்கும். டி.டி.ஏ. கப்போர்டு என்பார்கள். 1930இல் வெள்ளைக்காரன் போட்ட அபாயகர மருந்துகள் சட்டத்தின் பெயர் அது. அந்தச் சட்டத்தை 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் ரத்து செய்துவிட்டது. ஆனாலும் அலமாரிக்கு இன்னும் பழைய பெயர்தான். (நம் நாட்டில் சட்டம் செத்த பிறகும் அதன் பெயர் சாவது லேசில் நடக்காது.) மார்ஃபின், ஃபென்டனில், ஃபோர்ட்வின் என்று வார்டில் சொல்லும் பென்டசோசின், டிரமடால், டயஜிபாம் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகள் இப்படிப் பூட்டில் இருக்க வேண்டியவை. ஷிஃப்ட் மாறும்போது சாவி கைமாறும். எத்தனை ஆம்பூல் இருந்தது, யாருக்கு எவ்வளவு போனது, பாதி போட்டு மீதியைக் கொட்டியது எவ்வளவு என்று எல்லாம் இரண்டு கையெழுத்தோடு ஏட்டில் ஏற வேண்டும். காலி ஆம்பூலைக் காட்டினால்தான் புதியது வரும். ஏட்டில் இப்படி. ராத்திரி ஒரே ஒரு சிஸ்டர் நாற்பது படுக்கையைப் பார்க்கிற வார்டில் இரண்டாவது கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள்? காலையில் வருகிறவர் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார். போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொன்ன அளவு. அந்த அளவுக்கும் நடப்புக்கும் இடையில் இருக்கிற இடைவெளியில்தான் ஆம்பூல் காணாமல் போகிறது.

அந்த இடைவெளியில்தான் உடம்பும் நொறுங்குகிறது. நோயாளியைத் தூக்கித் தூக்கி இடுப்பு போகும். மாறி மாறி நைட் டூட்டி பார்த்துத் தூக்கம் போகும். கைக்கெட்டும் தூரத்தில் மருந்து, அதை ஏற்றத் தெரிந்த கை, எவ்வளவு போட்டால் என்ன ஆகும் என்று படித்துவிட்டோமே என்கிற தைரியம். பென்டசோசினைத் தொடர்ந்து குத்திக்கொண்டால் குத்திய இடத்துச் சதை கட்டை மாதிரி இறுகும், புண் வைக்கும். மற்றவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்துக் குத்திக்கொள்வார்கள். இது வக்கிரமோ ஒழுக்கக்கேடோ இல்லை. தொழிலோடு ஒட்டிக்கொண்டு வருகிற நோய். நெசவாளிக்கு முதுகும் கண்ணும் போவது மாதிரி.

எனக்கு இது தெரிந்தது புத்தகத்தில் இல்லை. நம் வாசிப்பு வட்டத்துத் தோழர் ஒருவர் தன் உறவுக்காரப் பெண்ணை என்னிடம் அழைத்து வந்தார். அவர்கள் தெருவில் நர்சிங் படித்த முதல் பெண். காஞ்சிக்கு வெளியே ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. அதன் பெயரும் அவள் பெயரும் இங்கே வேண்டாம். இடுப்பு வலி தாங்காமல் ஒரு ராத்திரி அழுதபோது கூட இருந்த சீனியர் சிஸ்டர்தான் முதல் ஊசியைப் போட்டிருக்கிறார், இரக்கப்பட்டு. எட்டு மாதத்தில் அது இல்லாமல் எழுந்திருக்க முடியாது என்கிற நிலை. ஸ்டாக் எடுத்தபோது கணக்கு இடித்தது. நிர்வாகி அறைக்கு அழைத்தார்கள். கைபேசியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கினார்கள். 'போலீஸ் வேணாம்னா எழுதிக் குடு' என்றார்களாம். குற்றச்சாட்டுக் குறிப்பாணை கிடையாது. விசாரணை கிடையாது. இரண்டு மாதச் சம்பளமும் கிடையாது. சேரும்போது வாங்கி வைத்த அசல் சான்றிதழ்கள் இன்னும் அவர்கள் பீரோவில். வெளியே வரும்போது காதில் விழுந்தது: 'இதுங்கள எடுத்தாலே இப்படித்தான்.'

அதே மருத்துவமனையில் ஒரு டாக்டருக்கும் இந்த ஊசிப் பழக்கம் இருந்திருக்கிறது. அது எல்லாருக்கும் தெரியும். 'சாருக்கு உடம்பு சரியில்ல' என்று சொல்லி, சென்னையில் ஒரு மறுவாழ்வு மையத்தில் மாதக்கணக்கில் வைத்து, திரும்ப வந்ததும் அறையும் பெயர்ப்பலகையும் அப்படியே இருந்தன. டாக்டருக்குச் செய்தது சரியான காரியம் என்றே சொல்வேன். நோயாளியாகப் பார்த்தார்கள், வைத்தியம் பார்த்தார்கள், பிழைப்பைப் பறிக்கவில்லை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதே மருந்து, அதே அலமாரி, அதே நோய். அவருக்கு 'உடம்பு சரியில்ல', இவளுக்குத் 'திருட்டு' என்று ஆனது எப்படி என்பதுதான் கேள்வி.

மனு எழுதி வைத்தது இதைத்தானே. ஒரே குற்றம், வருணத்துக்கு ஒரு தண்டனை. வைதால்கூட மேலே இருப்பவனுக்குப் பண அபராதம், கீழே இருப்பவனுக்கு உடம்பில் தண்டனை. 1927 டிசம்பர் 25இல் மகாடில் அண்ணல் முன்னிலையில் எரித்தது அந்தக் கணக்கைத்தான். மருத்துவமனை என்பது அறிவியல் நடக்கிற இடம், அங்கே சாதி ஏது என்பவர்கள் ஒரு நாள் வார்டில் நின்று பார்க்கட்டும். ரத்தத்தையும் சீழையும் மலத்தையும் பிணத்தையும் தொடுகிற வேலையைத் தீட்டு என்று ஒதுக்கியது யார்? ஆதிக்கச் சாதிக் குடும்பங்கள் தம் பெண்களை அனுப்பத் தயங்கிய காலத்தில் மிஷன் ஆஸ்பத்திரிகளில் அந்த வேலைக்கு வந்தவர்களில் மதம் மாறிய ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பெண்கள், கைம்பெண்கள் அதிகம். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் நர்சிங் பள்ளி தொடங்கினார். 1946இல் அங்கே பட்டப்படிப்பே வந்தது. சமூகம் இழிவென்று ஒதுக்கிய உழைப்பு, தொழிலாகவும் சீருடையாகவும் சம்பளமாகவும் மாறியது ஒரு பெரிய பாய்ச்சல். அந்தப் பாய்ச்சலில் ஏறி வந்த பெண் தவறினால், தவறு அவளுடையதாக நிற்பதில்லை, 'இதுங்க' என்று சாதிக்குப் போய்ச் சேர்கிறது. டாக்டர் தவறினால் அது அவர் ஒருவரோடு முடிந்துவிடுகிறது.

இங்கே நான் ஒன்றைப் பூசி மெழுக மாட்டேன். அந்தப் பெண் என்னிடம் தலைகுனிந்து சொன்னது இது: 'ரெண்டு தடவ பேஷண்ட்டுக்குப் பாதிதாண்ணா போச்சு. மீதிய நான் எடுத்துக்கிட்டேன்.' அந்தப் பாதி யாருக்குப் போகவில்லை? அறுவைச் சிகிச்சை முடிந்து கிடக்கிற யாரோ ஒரு கிழவி. வலிக்குது என்று கத்தியிருப்பாள். 'ஊசி போட்டாச்சு, சும்மா கெட' என்று யாராவது அதட்டியிருப்பார்கள், ஏட்டில் முழு ஆம்பூல் என்றுதானே இருக்கும். அரசு ஆஸ்பத்திரி என்றால் அந்தக் கட்டிலில் கிடப்பது பெரும்பாலும் நம் ஆயாதான். ஆகவே, நம் பெண் என்பதால் மூடி மறைக்க வேண்டும் என்று எந்தத் தோழர் சொன்னாலும் அது ஆயாவின் வலிக்குச் செய்கிற துரோகம். சந்தேகம் வந்த அன்றே அலமாரிச் சாவி அவள் கையை விட்டுப் போக வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

ஆனால் சாவியை வாங்குவது வேறு, ஆளைத் தூக்கி எறிவது வேறு. தூக்கி எறிந்ததால் எந்த நோயாளிக்கும் பாதுகாப்பு வரவில்லை. எப்படி என்று பாருங்கள். வெளியேற்றப்பட்ட அந்தப் பெண் சான்றிதழ் நகலை வைத்துக்கொண்டு வேறு ஊரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்ந்தாள். பழைய இடத்தில் தங்கள் பெயர் கெடுமே என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சேர்ந்த முதல் நாளே சாவியைக் கொடுத்துவிட்டார்கள். 'சாவி கைக்கு வந்ததும் பயந்துட்டேண்ணா' என்றாள். மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல் ஊருக்கு ஓடி வந்துவிட்டாள். அவள் ஓடி வந்தாள், எல்லாராலும் அது முடியாது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து எக்ஸிடர் மருத்துவமனையில் 2012இல் வெளிவந்த விவகாரம் இதற்குச் சாட்சி. ஏஜென்சி மூலம் ஊர் ஊராக வேலை பார்த்த ஒரு டெக்னீஷியன். ஃபென்டனில் ஊசியைத் திருடித் தனக்குப் போட்டுக்கொண்டு, அதே ஊசிக்குழலில் உப்புத் தண்ணீரை நிரப்பி வைத்துவிடுவார். அவருக்கு ஹெபடைடிஸ் சி இருந்தது. பல மாநிலங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அது தொற்றியது. அதற்கு முன்பே வேறு மருத்துவமனையில் பிடிபட்டவர்தான். அங்கே சத்தமில்லாமல் ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். 2013இல் அவருக்கு 39 ஆண்டு சிறை. சத்தமில்லாமல் அனுப்பியவர்களின் வேலையைத்தான் நம்மூர் நிர்வாகியும் வெள்ளைத்தாளில் செய்தார்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசு ஆஸ்பத்திரியில் நிரந்தரச் செவிலியர் என்றால் தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு விதிகள் உண்டு. சின்னத் தண்டனைக்கு 17-ஏ, பெரிய தண்டனைக்கு 17-பி. குறிப்பாணை தர வேண்டும், பதில் வாங்க வேண்டும், சாட்சியை விசாரிக்க வேண்டும். சஸ்பென்ட் செய்தாலும் பிழைப்பூதியம் உண்டு. அரசமைப்பின் 311ஆம் பிரிவு பின்னால் நிற்கிறது. ஒப்பந்தச் செவிலியருக்கு? 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து, இட ஒதுக்கீட்டுச் சுழற்சிப்படி ஆயிரக்கணக்கானவர்களை எடுத்தது, மாதம் 7,700 ரூபாய்க்கு. இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற பேச்சு காற்றோடு போய், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டி வந்தது. கொரோனாவில் உயிரைப் பணயம் வைக்க எடுத்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31ஓடு போகச் சொன்னார்கள். குற்றமே செய்யாதவர்களை ஒரு தாளில் அனுப்ப முடிகிற இடத்தில், ஆம்பூல் குறைந்தது என்றால் 17-பி எதற்கு? 'ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை' என்ற ஒரு வரி போதும். தண்டிப்பதற்காக அப்படி ஒரு வரி எழுதினால் அது தண்டனைதான், விசாரணை வேண்டும் என்பது 1957இல் தீங்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி. அந்த வழியில் நடக்க வக்கீலுக்குக் காசு வேண்டும்.

தனியாரில் இதுவும் கிடையாது. ஐம்பது படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூட நர்சுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று, உச்ச நீதிமன்றத்தின் 2016 ஜனவரி உத்தரவால் அமைந்த குழு சொன்னது. அந்தச் சம்பளம் வாங்கும் பெண்ணைக் காஞ்சியில் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். சான்றிதழைப் பிடித்து வைப்பது மட்டும் நன்றாக நடக்கிறது. பட்டுத் தறியில் முன்பணம் கொடுத்துப் பிள்ளைகளைக் கட்டிப்போட்ட ஊர் இது. அதை 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் உலகத்துக்கு எழுதிக் காட்டியது. முன்பணத்துக்குப் பதில் மார்க் ஷீட், அவ்வளவுதான் வித்தியாசம்.

நர்சிங் கவுன்சில் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். இங்கே அடிப்படை 1926ஆம் ஆண்டின் சென்னை செவிலியர், பேறுகாலச் செவிலியர் சட்டம். பதிவேட்டில் பெயரைச் சேர்ப்பதும் தவறு செய்தால் நீக்குவதும் அதன் வேலை. நோயுற்ற செவிலியரை வைத்தியம் பார்த்துத் திரும்பக் கொண்டுவருவதற்காக எழுதப்பட்டதல்ல அது. 1947ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் நாடாளுமன்றம் தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. நெறிமுறைக்கும் பதிவுக்கும் தனி வாரியம் என்கிறது அது. இனி எழுதப்போகிற ஒழுங்கு விதிகளில் இந்த நோய்க்கு ஒரு பக்கம் ஒதுக்க வைக்க வேண்டும், நாம் பேச வேண்டிய நேரம் இது.

போலீஸ் பயத்தைக் காட்டித்தானே எழுதி வாங்கினார்கள்? அந்த 1985 சட்டத்திலேயே 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர், பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கைச் சந்தித்தால், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு. மருந்தை எடுத்ததற்கான திருட்டு வழக்கை அது நீக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்து, சிகிச்சையை உரிமை ஆக்கியிருக்கிறது. இந்த இரண்டு வரியைத் தெரிந்த ஒரு ஆள் அந்த நிர்வாகி அறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த வெள்ளைத்தாள் வெள்ளையாகவே இருந்திருக்கும்.

ஆள் உட்காருவது என்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் வங்கி எழுத்தர். எங்கள் கல்லாவில் பணம் குறைந்தாலும் கையில் குற்றப்பத்திரிகை வரும். விசாரணையில் என் பக்கத்தில் சங்கத்துத் தோழர் உட்காருவார், சாட்சியைக் குறுக்கே கேட்பார். 1966 அக்டோபர் 19 இருதரப்பு ஒப்பந்தத்திலும் அதன் பின் வந்தவற்றிலும் எங்கள் முன்னோடிகள் அடித்துப் பேசி வாங்கியது அது. குடித்துவிட்டு வங்கியில் கலாட்டா செய்வது பெருங்குற்றம் என்று அதே ஒப்பந்தம்தான் சொல்கிறது, யாரும் எதிர்க்கவில்லை. குற்றம் குற்றம்தான், ஆனால் வாயைத் திறந்து பேச ஒரு இடம் வேண்டும். நோட்டை எண்ணுகிற எனக்கு இருக்கிற அந்த உரிமை, உயிரைக் காக்கிற அந்தப் பெண்ணுக்கு ஏன் இல்லை?

வேறு நாட்டில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1982இல், போதைக்கு ஆட்பட்ட செவிலியருக்குத் தண்டனைக்கு முன் சிகிச்சை என்று தீர்மானம் போட்டது. ஃபுளோரிடா, டெக்சாஸ் என்று மாநிலம் மாநிலமாகத் திட்டங்கள் வந்தன. சிகிச்சை, ஆண்டுக்கணக்கில் திடீர்ச் சிறுநீர்ப் பரிசோதனை, தொடக்கத்தில் போதை மருந்து அலமாரியைத் தொடக் கூடாது, மேற்பார்வையில் வேலை, தவறினால் உரிமம் போகும். கறாரான ஏற்பாடு, கெஞ்சல் இல்லை. அதையும் அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. அங்கே பரிசோதனைச் செலவு பெரும்பாலும் நர்சின் தலையில்தான். இங்கே அப்படி வைத்தால் ஒப்பந்தப் பெண் முதல் மாதமே கழன்றுவிடுவாள், காசிருக்கிறவர் மட்டும் 'திருந்துவார்'. செலவு அரசினுடையதாக, சிகிச்சைக் காலத்தில் பாதிச் சம்பளமாவது உள்ளதாக, ஒப்பந்தமோ தனியாரோ எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து. விவகாரம் பெரிதானால் 'மருந்தையே பூட்டு' என்பார்கள். 1985 சட்டத்துக்குப் பிறகு அதுதான் நடந்தது. உரிமத்துக்கு மேல் உரிமம், ஜெயில் பயம். ஆண்டுக்கு 500 கிலோவுக்கு மேல் இருந்த மார்ஃபின் மருத்துவப் பயன்பாடு 1997இல் வெறும் 18 கிலோவுக்கு விழுந்தது. அபின் விளைகிற நாட்டில் புற்றுநோயாளி வலியில் துடித்துச் செத்தான். 2014இல் சட்டத்தைத் திருத்தித்தான் கொஞ்சம் வழி விட்டார்கள். காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை 1969 முதல் நம் ஊரில் இருக்கிறது. எங்கெங்கிருந்தோ துணி மூட்டையோடு வருகிற ஏழை ஜனங்களை அதன் வாசலில் பார்த்தவர்களுக்கு, அந்த அலமாரி திறக்க வேண்டியது எவ்வளவு அவசியம் என்று தெரியும். பூட்டை இரட்டிப்பதற்குப் பதில் ராத்திரிக்கு இரண்டாவது சிஸ்டரைப் போடட்டும்.

அந்தப் பெண் இப்போது அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் வெளிநோயாளியாகச் சிகிச்சையில் இருக்கிறாள். சான்றிதழைத் திரும்பக் கேட்டு வக்கீல் தோழர் ஒருவர் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அவளுக்குத் திரும்ப வேலைக்குப் போக வேண்டும், சாவி இல்லாத வார்டுக்கு. எந்த விதியின் கீழ் அப்படிக் கேட்பது என்று எங்களுக்கு ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லை.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்ப் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலுக்கு ஒரு மனு, சுகாதாரத் துறைக்கு ஒரு மனு. கடந்த பத்து ஆண்டில் மருந்துப் புகாரில் எத்தனை செவிலியர் மீது நடவடிக்கை, அதில் நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை, எத்தனை பேருக்கு விசாரணை நடந்தது, எத்தனை பேர் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்கள், அவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எவ்வளவு. இதே கேள்விகளை மருத்துவர்களைப் பற்றி மருத்துவக் கவுன்சிலுக்கும் போடுங்கள். இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடுத்த இதழில் அச்சிடுவோம். பதில் வராவிட்டால் வராததையும் தேதியோடு அச்சிடுவோம்.